சைக்கிளில் செல்போன்: ஸ்க்ரூவை முடுக்கினால் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் நினைக்கலாம். இன்று நம்மில் பலர் அதிக நேரம் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் எது? சட்டைப் பையில் இருக்கும் செல்போன்தான். அந்தக் கம்ப்யூட்டரை இப்போது சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு பலரும் ஓட்டுகிறார்கள். காலையில் உடற்பயிற்சிக்காக ஓட்டுபவர்கள் வேகத்தையும் தூரத்தையும் பார்க்க மாட்டுகிறார்கள். சைக்கிளில் உணவு டெலிவரி செய்யும் இளைஞர்கள் வழி பார்க்க மாட்டுகிறார்கள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் பாட்டுக் கேட்டபடி போகும் மாணவர்களும் மாட்டுகிறார்கள்.

இதற்கான ஹோல்டர்கள் ஆன்லைன் கடைகளில் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. தெருவோரக் கடைகளிலும் தொங்குகின்றன. “எந்த ஹோல்டர் வாங்கலாம்? போன் கீழே விழாமல் இருக்குமா?” என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகி விட்டார்கள். கேள்வி நியாயமானது. அதற்கான பதிலை இந்தக் கட்டுரையில் விரிவாகவே சொல்கிறேன். ஆனால் யாரும் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. “போன் விழாது, சரி. நான் விழாமல் இருப்பேனா?”

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தராத எந்த ஹோல்டரையும் பாதுகாப்பான ஹோல்டர் என்று சொல்ல முடியாது என்பது என் கருத்து. ஏன் என்பதைப் பார்ப்போம்.

எத்தனை வகை ஹோல்டர்கள்?

முதலில் போன் விழாமல் இருக்கும் வழி. சந்தையில் உள்ளவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஸ்ப்ரிங் வைத்த கவ்வி. போனின் இரு பக்கங்களையும் இரண்டு தாடைகள் கவ்விப் பிடிக்கும். விலை குறைவு. எந்த போனுக்கும் பொருந்தும். ஆனால் போனைப் பிடித்திருப்பது ஸ்ப்ரிங் மட்டும்தான். பழைய ஸ்ப்ரிங் தளர்ந்து விடும். பள்ளத்தில் இறங்கும்போது தாடைகள் ஒரு கணம் விரிந்தாலே போதும், போன் தரையில் கிடக்கும். ஸ்ப்ரிங்குக்குப் பதிலாக ஸ்க்ரூ வைத்து முடுக்கும் கவ்வி இதைவிடப் பல மடங்கு மேல்.

இரண்டாவது வகை, சிலிக்கான் ரப்பர் பட்டை. போனின் நான்கு மூலைகளிலும் ரப்பரை இழுத்து மாட்ட வேண்டும். நான்கு மூலைகளும் பிடிபடுவதால் போன் துள்ளி விழுவது குறைவு. ரப்பர் அதிர்வையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் தினமும் காய்ந்தால் ரப்பரில் நுண்ணிய வெடிப்புகள் வரும். மாதம் ஒரு முறை பட்டையை இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றி விடுங்கள்.

மூன்றாவது வகை, திருகிப் பூட்டும் கவர். போனுக்கென்றே செய்த கவரின் முதுகில் ஒரு பூட்டு இருக்கும். அதை ஹேண்டில்பாரில் உள்ள பகுதியில் வைத்துத் திருகினால் ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் குவாட் லாக் இந்த வகையில் பெயர் பெற்றது. போனை இறுக்கிப் பிடிப்பதில் இதுவே சிறந்தது. விலை அதிகம். போனை மாற்றினால் கவரையும் மாற்ற வேண்டும் என்பது இதில் உள்ள குறை.

நான்காவது வகை, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி வைத்த பை. சைக்கிளின் குறுக்குக் குழாய் மேலோ ஹேண்டில்பார் மேலோ கட்டிக்கொள்ளலாம். மழைச்சாரலுக்கு நல்லது. ஆனால் வெயிலில் மூடிய பைக்குள் சூடு தங்கி விடும்.

குழாயின் அளவைப் பாருங்கள்

ஹோல்டர் வாங்குபவர்கள் போனின் அளவைப் பார்க்கிறார்கள். ஹேண்டில்பாரின் அளவைப் பார்ப்பதில்லை. பாதி ஹோல்டர்கள் வழுக்குவதற்கு இதுதான் காரணம்.

சைக்கிள் ஹேண்டில்பார் குழாய் எல்லாம் ஒரே பருமன் அல்ல. கைப்பிடி மாட்டும் இடத்தில் பொதுவாக 22.2 மி.மீ. விட்டம் இருக்கும். நடுப்பகுதியில் சாதாரண சைக்கிள்களில் 25.4 மி.மீ. இருக்கும். இப்போது வரும் கியர் சைக்கிள்கள் பலவற்றில் நடுப்பகுதி 31.8 மி.மீ. பருமன். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போகக் குழாய் ஒடுங்கிக்கொண்டே போகும். அந்த ஒடுங்கும் சரிவில் கவ்வியை மாட்டினால் எவ்வளவு முடுக்கினாலும் அது மெல்ல நகர்ந்து சுற்றிக்கொள்ளும்.

எனவே குழாய் சமமாக இருக்கும் இடத்தில் மாட்டுங்கள். கவ்விக்கும் குழாய்க்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ஒரு துண்டைச் சுற்றுங்கள். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். கடையில் காசு கொடுத்து வாங்கும் ரப்பர் வளையத்தைவிட இது நன்றாகப் பிடிக்கிறது.

கம்பி ப்ரேக் வைத்த பழைய மாடல் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் ஹேண்டில்பாருக்குக் கீழேயே ப்ரேக் கம்பிகள் ஓடும். ஹோல்டரின் நட்டு அந்தக் கம்பியைத் தொட்டால் ப்ரேக் முழுதாகப் பிடிக்காது, அல்லது பிடித்தது விடாது. கேபிள் ப்ரேக் உள்ள சைக்கிளிலும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, கேபிள் எங்கும் இழுபடவில்லை என்று உறுதி செய்யுங்கள். பெல்லைக் கழற்றி விட்டு அந்த இடத்தில் ஹோல்டரை மாட்டுபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். இது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லாத வேலை.

சில ஹோல்டர்களில் கழுத்துப் பகுதியில் ஓர் உருண்டை மூட்டு இருக்கும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம் என்பது வசதி. ஆனால் கவருடன் சேர்த்துச் சுமார் 200 கிராம் எடையுள்ள போன் அந்தக் கழுத்தின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும் நொடியில் ஐந்து மடங்கு அதிர்ச்சி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் அந்த மூட்டு ஒரு கிலோவைத் தாங்க வேண்டும். பிளாஸ்டிக் மூட்டு எத்தனை நாள் தாங்கும்? கழுத்து எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. மூட்டே இல்லாமல் நேராகக் குழாயோடு ஒட்டி உட்காருவது இன்னும் நல்லது.

மாட்டிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். போன் எடைக்குச் சமமான ஒரு மரக்கட்டையையோ, பழுதாகிப் போன பழைய போனையோ ஹோல்டரில் வைத்து, சைக்கிளின் முன் சக்கரத்தை ஒரு சாண் உயரம் தூக்கிப் பத்து முறை கீழே விடுங்கள். ஹோல்டர் நகர்ந்திருக்கிறதா, மூட்டு சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் உங்கள் போனை அதில் வைக்கத் தகுதி இல்லை.

கடைசியாக, எந்த ஹோல்டராக இருந்தாலும் ஒரு காப்புக் கயிறு கட்டாயம் வேண்டும். போன் கவரில் உள்ள ஓட்டையில் நைலான் கயிற்றைக் கோத்து, மறுமுனையை ஹேண்டில்பாரில் கட்டி விடுங்கள். ஹோல்டரில் கட்டக் கூடாது. ஹோல்டரே கழன்றால் கயிறும் கூடவே போய் விடும். கயிறு குட்டையாக இருக்கட்டும். நீளமாக விட்டால் போன் தொங்கிப் போய் முன் சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டும். அப்போது உடைவது போன் மட்டும் அல்ல.

கேமரா, வெயில், மழை

போன் விழவே இல்லை என்றாலும் மூன்று ஆபத்துகள் மிச்சம் இருக்கின்றன.

முதலாவது அதிர்வு. இன்றைய போன்கள் பலவற்றில் கை நடுங்கினாலும் படம் கலங்காமல் இருக்க லென்ஸை மெல்லிய ஸ்ப்ரிங்குகளில் மிதக்க விட்டிருக்கிறார்கள். அசைவை கைரோஸ்கோப் அளக்கும். அதற்கேற்பக் காந்தம் லென்ஸை எதிர்த் திசையில் நகர்த்தும். இந்த ஏற்பாடு தொடர்ந்து அதிர்ந்தால் என்ன ஆகும்? 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் இதுபற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சக்தி வாய்ந்த என்ஜின் உள்ள மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் தரத்தைக் குறைக்கலாம், எனவே அவற்றின் ஹேண்டிலில் ஐபோனை மாட்ட வேண்டாம் என்றது. மொபெட், ஸ்கூட்டர் போன்றவற்றில் மாட்டுவதானால் அதிர்வு குறைக்கும் ஹோல்டர் பயன்படுத்தச் சொன்னது. மிதி சைக்கிளைப் பற்றி அதில் எதுவும் இல்லை. சைக்கிளில் என்ஜின் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நம் சாலைகளின் ஜல்லி பெயர்ந்த பகுதிகளில் இரும்பு ஃபோர்க் வழியாக மேலே வரும் அதிர்வைக் கையில் உணர்ந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. விலை உயர்ந்த கேமரா போனை தினமும் ஹேண்டில்பாரில் வைத்து ஓட்ட நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டாவது வெயில். ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் சொல்கிறது. சென்னையிலும் வேலூரிலும் மே மாத மதியத்தில் நிழலிலேயே 40 டிகிரி வந்து விடுகிறது. நேர் வெயிலில், திரையின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, ஜிபிஎஸ்ஸையும் இன்டர்நெட்டையும் ஓட விட்டால் போன் சூடாகித் திரை மங்கும், அல்லது தானே நின்று விடும். பேட்டரியின் ஆயுளும் குறையும்.

மூன்றாவது மழை. ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம். இது ஆய்வுக்கூடத்தில், அசையாத நல்ல தண்ணீரில் செய்த சோதனை. ஒரு முறை கீழே விழுந்து விளிம்பு விரிசல் விட்ட போனுக்கு இது பொருந்தாது. மேலும் தொடுதிரையில் மழைத்துளி விழுந்தால் அதையும் விரல் என்றே திரை நினைத்துக்கொள்ளும். வழி காட்டிக்கொண்டிருந்த ப்ரோகிராம் திடீரென்று வேறு எங்கோ போய் நிற்கும். அதைச் சரி செய்ய நீங்கள் குனிவீர்கள். அந்த இடத்தில்தான் உண்மையான ஆபத்து ஆரம்பமாகிறது.

இரண்டு வினாடி, பத்து மீட்டர்

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். சாதாரணமாக ஒருவர் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் சைக்கிள் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வினாடிக்குச் சரியாக 5 மீட்டர். மேப்பில் அடுத்த திருப்பம் எது என்று பார்க்க இரண்டு வினாடி குனிந்தால் 10 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறார். அந்தப் பத்து மீட்டருக்குள் பெயின்ட் அடிக்காத வேகத்தடை இருக்கலாம். நிறுத்திய காரின் கதவு திறக்கலாம். ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வரலாம். கார் ஓட்டுபவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. சைக்கிள் ஓட்டுபவருக்கு என்ன இருக்கிறது?

கையில் பிடித்துப் பார்ப்பதுதான் ஆபத்து, ஹோல்டரில் இருந்தால் ஆபத்தில்லை என்று பலரும் நம்புகிறார்கள். இரண்டு நாடுகளின் சட்டங்கள் இந்த விஷயத்தில் எப்படி வேறுபடுகின்றன என்று பாருங்கள்.

நெதர்லாந்து சைக்கிளுக்குப் பேர் போன நாடு. அங்கே 2019 ஜூலை 1 முதல் சைக்கிள் ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது தடை செய்யப்பட்டது. அறிமுகமானபோது அபராதம் 95 யூரோ. ஆனால் அந்தத் தடை கையில் பிடிப்பதற்குத்தான். ஹோல்டரில் மாட்டிய போனுக்கு இல்லை. சுருக்கமாகச் சொன்னால் அந்தச் சட்டம் கையைப் பார்க்கிறது.

ஜப்பான் 2024 நவம்பர் 1 அன்று தன் சட்டத்தைக் கடுமையாக்கியது. ஓடும் சைக்கிளில் போனைக் கையில் பிடித்துப் பேசுவதோடு, சைக்கிளில் மாட்டியிருக்கும் திரையை உற்றுப் பார்ப்பதும் குற்றம் என்றது. போனைக் கையில் பிடித்துப் பேசினாலோ பார்த்தாலோ ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் யென் வரை அபராதம். இவற்றில் எதனால் விபத்து போன்ற ஆபத்து ஏற்பட்டாலும் ஓராண்டு வரை சிறை அல்லது மூன்று லட்சம் யென் வரை அபராதம். சைக்கிள் நின்றிருக்கும்போது பார்த்தால் குற்றம் இல்லை. இந்தச் சட்டம் கையோடு நிற்காமல் கண்ணையும் பார்க்கிறது.

நம் நாட்டில் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது. ஆனால் அது மோட்டார் வாகனங்களுக்கு. மிதி சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. எனவே சைக்கிள்காரர் தன் நல்லது கெட்டதைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில்தான் இருக்கிறார்.

தண்டனை இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டுமா என்பது தனி விவாதம். ஆனால் கோட்டை எங்கே போடுவது என்பதில் ஜப்பான் செய்ததே சரி என்று நான் நினைக்கிறேன். ஹோல்டர் நம் கையை விடுவிக்கிறது. கண்ணை விடுவிப்பதில்லை. சில சமயம் முன்னைவிட அதிகமாகவே கட்டிப் போடுகிறது. போன் பையில் இருந்தால் மெசேஜ் வந்த சத்தத்தோடு போய் விடும். கண் முன்னால் இருந்தால் யார் அனுப்பியது என்று பார்க்காமல் யாரால் இருக்க முடியும்?

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே யோசித்தவர்

சைக்கிளில் கம்ப்யூட்டர் வைப்பது புதிய விஷயம் என்று நினைத்து விடாதீர்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற எழுத்தாளர் 1983ல் படுத்தபடி ஓட்டும் சைக்கிள் ஒன்றில் நாட்டைச் சுற்றக் கிளம்பினார். கூடவே எடுத்துப் போனது டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர். திரையில் எட்டு வரிகள், வரிக்கு 40 எழுத்துகள். நான்கு பென்சில் பேட்டரியில் ஓடும். வழியில் நிறுத்தி எழுதி, தொலைபேசி வழியாகக் கட்டுரைகளை அனுப்பினார்.

ஓட்டும் நேரத்தில் தோன்றுவதை எழுத முடியவில்லையே என்பது அவருக்குக் குறையாக இருந்தது. 1986ல் உருவாக்கிய அடுத்த சைக்கிளில் அவர் கீபோர்டைத் தூக்கி ஹேண்டில்பார் மேல் வைக்கவில்லை. பிடிகளுக்குள்ளேயே பட்டன்களைப் பொருத்தினார். விரல்களைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு எழுத்தாக உருவாகும். கை ஹேண்டிலை விட வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் முடிந்த அவருடைய மூன்றாவது சைக்கிளில் ஹெல்மெட்டோடு இணைந்த ஒரு குட்டித் திரையும், தலையை அசைத்தால் நகரும் மவுஸும் இருந்தன. பெஹிமத் என்று பெயரிட்ட அந்தச் சைக்கிளின் எடை 580 பவுண்டு, அதாவது சுமார் 263 கிலோ. கலிபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் அது இருக்கிறது.

அத்தனை எடையுள்ள சைக்கிளை நாம் யாரும் ஓட்டப் போவதில்லை. ஆனால் அவர் கேள்வியைப் போட்ட விதத்தைக் கவனியுங்கள். கம்ப்யூட்டரை எங்கே மாட்டுவது என்று அவர் தொடங்கவில்லை. கை ஹேண்டிலிலும் கண் சாலையிலும் இருக்கும்போது கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்று தொடங்கினார். இன்று 200 கிராமில் அவருடைய சைக்கிளைவிடப் பல மடங்கு வேகமான கம்ப்யூட்டர் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கேள்வியை மட்டும் நாம் விட்டு விட்டோம்.

பார்ப்பதற்குப் பதில் கேளுங்கள்

வழி தெரிந்துகொள்ளக் கண் தேவையில்லை, காது போதும். மேப் ப்ரோகிராம்கள் எல்லாவற்றிலும் குரல் வழிகாட்டி இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் போகும் இடத்தைப் போட்டு, வழியை ஒரு முறை முழுதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். குரலை முழு சத்தத்தில் வைத்து, திரையை அணைத்து, போனைச் சட்டைப் பையில் போடுங்கள். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டாதீர்கள். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஓரமாக நிறுத்தி எடுத்துப் பாருங்கள். அரை நிமிடம் ஆகும். போகட்டுமே.

ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற ப்ரோகிராம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை இவை பயன்படுத்துகின்றன. உங்கள் மாநிலத்தின் மேப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டால் வழியில் இன்டர்நெட் தேவையில்லை. ஆஸ்மாண்டில் அணைந்திருக்கும் திரை திருப்பம் வரும் நேரத்தில் மட்டும் ஒளிரும்படி செட் செய்யலாம். பேட்டரியும் மிச்சம், கவனமும் மிச்சம்.

இல்லை, மேப் கண்ணில் பட்டால்தான் எனக்குத் தைரியம் என்பவர்களுக்கு ஒரு யோசனை. பல வீடுகளில் மேசை டிராயரில் ஒரு பழைய போன் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்புங்கள். ஜிபிஎஸ் சிக்னல் வாங்க சிம் கார்டு தேவையில்லை. மேப்பை டவுன்லோட் செய்து, சிம் இல்லாமல் அதை ஹேண்டில்பாரில் மாட்டுங்கள். முதல் முறை இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அந்த போனுக்கு மெசேஜ் வராது, அழைப்பு வராது. விழுந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. பின்பக்கம் உப்பியிருக்கும் பழைய போனை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது பேட்டரி கெட்டுப் போனதற்கு அடையாளம்.

வேகமும் தூரமும் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு போனே தேவையில்லை. சைக்கிள் கம்ப்யூட்டர் என்று விற்கும் சின்னக் கருவி போதும். முன் சக்கரக் கம்பியில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் ஒரு சென்சார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு சிக்னல். சுற்றளவால் பெருக்கினால் தூரம். சட்டைப் பட்டனைப் போன்ற சிஆர்2032 பேட்டரி ஒன்றிலேயே மாதக்கணக்கில் ஓடும் மாடல்கள் உண்டு. வெயிலில் திரை இன்னும் தெளிவாகத் தெரியும். இதில் சக்கரத்தின் சுற்றளவைச் சரியாகக் கொடுக்க வேண்டும். 700x25 டயருக்கு 2105 மி.மீ., 26x1.95 டயருக்கு 2050 மி.மீ. என்று அட்டவணையில் இருக்கும். மாற்றிக் கொடுத்தால் 100 கி.மீ.க்குக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் கி.மீ. தவறு வரும். அட்டவணை இல்லாவிட்டால் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒருவர் ஏறி உட்கார்ந்த நிலையில் சைக்கிளை ஒரு முழுச் சுற்று உருட்டித் தரையில் அளந்து கொடுங்கள்.

பார்த்தே ஆக வேண்டியவர்கள்

இவ்வளவும் விருப்பத்துக்கு ஓட்டுபவர்களுக்கு. பிழைப்புக்கு ஓட்டுபவர்கள் என்ன செய்வார்கள்?

என் அண்ணன் மகன் கல்லூரி முடிந்து மாலை நேரத்தில் சைக்கிளில் உணவு டெலிவரி செய்கிறான். தவணையில் வாங்கிய அவனுடைய போன் ரப்பர் பட்டை ஹோல்டரில் இருக்கிறது. காப்புக் கயிறு நான் கட்டிக் கொடுத்தது. “குரலை மட்டும் கேட்டுக்கிட்டு ஓட்டக் கூடாதாடா? எதுக்குக் குனிஞ்சு குனிஞ்சு பார்க்கிறே?” என்று கேட்டேன்.

“வழிக்காகப் பார்க்கல சித்தப்பா. இந்த ஏரியா எனக்கு அத்துப்படி. ஆர்டர் வந்தா சில செகண்டுக்குள்ள தொடணும். நிறுத்தி எடுக்கறதுக்குள்ள அது வேற ஆளுக்குப் போயிடும்” என்றான்.

இதற்கு எந்த ஹோல்டரால் பதில் சொல்ல முடியும்? அவன் எவ்வளவு கவனமாக இருந்தாலும், ஓடும் சைக்கிளில் குனிந்தே ஆக வேண்டும் என்று அந்த ப்ரோகிராமே சொல்கிறது. சைக்கிள் நகர்கிறதா நிற்கிறதா என்பது அந்த ப்ரோகிராமுக்குத் தெரியாத விஷயம் அல்ல. அவன் எந்தத் தெருவில் எந்த வேகத்தில் போகிறான் என்பதை ஜிபிஎஸ் வழியாக நொடிக்கு நொடி அது தெரிந்து வைத்திருக்கிறது. உணவு வாங்குபவருக்கு அவன் நகர்வதை மேப்பில் காட்டவும் செய்கிறது. அப்படியிருக்க, அவன் ஓட்டிக்கொண்டிருந்தால் ஆர்டரைக் குரலில் படித்துக் காட்டி, ஓரமாக நிறுத்த ஒரு நிமிடம் அவகாசம் கொடுப்பது ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்துக்குப் பெரிய காரியமா? “சரி” என்று சொன்னால் புரிந்துகொள்ளும் வசதி இன்று எல்லா போனிலும் இருக்கிறதே. ஓட்டும்போது ஏற்காத ஆர்டரை அவன் கணக்கில் குறையாக எழுதாமல் விடுவதற்கு எத்தனை வரி ப்ரோகிராம் எழுத வேண்டும்?

ஹோல்டர் தயாரிப்பவர்கள் போனைக் காப்பாற்ற என்னென்னவோ செய்திருக்கிறார்கள். ப்ரோகிராம் எழுதுபவர்கள் ஓட்டுபவரைக் காப்பாற்ற அதில் பாதியாவது செய்ய வேண்டும் என்பது என் வாதம். போன் உடைந்தால் இன்னும் சில தவணைகள். ஆள் விழுந்தால் தவணையில் திரும்பக் கிடைக்குமா?

என் சிபாரிசு

சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். வழி மட்டும் வேண்டும் என்றால் போன் பையில் இருக்கட்டும், குரல் பேசட்டும். வேகம் மட்டும் வேண்டும் என்றால் சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்குங்கள். மேப் கண்ணில் பட வேண்டும் என்றால் சிம் இல்லாத பழைய போனை மாட்டுங்கள். புதிய போனைத்தான் மாட்டியாக வேண்டும் என்றால் திருகிப் பூட்டும் கவரோ, ஸ்க்ரூ வைத்த கவ்வியோ வாங்கி, நடுவில் டியூப் துண்டு சுற்றி, சமமான இடத்தில் மாட்டி, காப்புக் கயிறு கட்டுங்கள். கிளம்பும் முன் மெசேஜ் அறிவிப்புகள் எல்லாவற்றையும் நிறுத்தி விடுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை சைக்கிளுக்கு ஹோல்டர் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. மாட்டிக் கொடுக்கும்போது ஸ்க்ரூவை முடுக்குவதோடு நிறுத்தாமல், “திரையைப் பார்க்கணும்னா சைக்கிளை நிறுத்திட்டுப் பாரு” என்று ஒரு வார்த்தையும் சொல்லிக் கொடுங்கள்.